தேடியாயிற்று

துப்பறியும் கதை கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களை அம்மா வாங்குவாள். உலையில் அரிசி வேகிற நேரத்துக்குள் கொலைகாரன் யாரென்று பார்த்துவிடுவாள். அதற்குப் பிறகு ராத்திரி நிதானமாக முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். "யாரென்று தெரிந்துவிட்டால் படபடப்பு போய்விடும். அப்புறம்தான் எப்படி ஏமாற்றுகிறான் என்று ரசிக்க முடியும்" என்பது அவளுடைய வாதம். எனக்கு இது இன்றைக்கும் சரியான வாதமாகவே படுகிறது.

ஜான் மெக்ரெகர் எழுதி 2017இல் வெளிவந்த 'ரிசர்வாயர் 13' என்ற ஆங்கில நாவலை வாங்கியதும் இதையேதான் செய்தேன். காணாமல்போன சிறுமியைப் பற்றிய கதை என்று பின்னட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தால் அங்கே பதில் இல்லை. ஒரு பக்கம் முன்னால் போனேன். அங்கும் இல்லை. இப்படியே பின்பக்கமாக ஏழெட்டுப் பக்கம் புரட்டினேன். பறவை, மழை, ஆடு, யாரோ யாரையோ கடைவாசலில் பார்த்தது என்று என்னென்னவோ வந்துகொண்டிருந்தன. சிறுமியை என்ன செய்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. கொடுத்த காசு வீண் என்று புத்தகத்தை மேசையில் போட்டேன். நான்கு மாதம் அங்கேயே கிடந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், குன்றுகளுக்கு இடையே ஒரு கிராமம். அதன் பெயரை நாவல் சொல்வதில்லை. புத்தாண்டு விடுமுறைக்கு வெளியூர்க் குடும்பம் ஒன்று அங்கே வந்து தங்கியிருக்கிறது. அப்பா, அம்மா, பதின்மூன்று வயது மகள். குன்றின் மேல் நடக்கப்போன இடத்தில் மகளைக் காணவில்லை. மறுநாள் விடிவதற்கு முந்தைய இருட்டில் ஊர்க்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் கூடி நிற்கிறார்கள். குளிர். யாரும் அதிகம் பேசவில்லை. எங்கே போய்த் தேடுவது என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாவலின் முதல் காட்சி இது. ஹெலிகாப்டர் பறக்கிறது, மோப்ப நாய்கள் வருகின்றன, நீரில் மூழ்கித் தேடுகிறவர்கள் இறங்குகிறார்கள். மொத்தம் 13 அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஓர் ஆண்டு வீதம் 13 ஆண்டுகள் ஓடுகின்றன. அவள் கிடைப்பதில்லை.

(கதையைக் கெடுத்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த நாவலை இது தெரிந்தபிறகு படிப்பதுதான் நல்லது. நான் அம்மா கட்சி.)

அவள் கிடைக்கவில்லை என்றால் பதின்மூன்று ஆண்டு வேறு என்னதான் நடக்கிறது? எல்லாம் நடக்கிறது. ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் வாணவேடிக்கை. ஒரு வருடம் அது பக்கத்து ஊரில் நடக்கிறது, ஒரு வருடம் இங்கேயே. வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடுகின்றன. கோடையில் பக்கத்து ஊரான கார்ட்வெல்லோடு கிரிக்கெட் ஆட்டம். அதில் இந்த ஊர் தோற்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் வேலிக்கதவுகளைக் கழற்றி ஒளித்து வைக்கிற குறும்பு ராத்திரி. டிசம்பரில் ஊர் மண்டபத்தில் நாடக ஒத்திகை. நடுவில் யாரோ பிரிகிறார்கள், யாரோ சேர்கிறார்கள். இறைச்சிக் கடை நொடித்துப்போகிறது. திரு. வில்சனின் நாய் நெல்சனை கேத்தி என்ற பெண்மணி நடக்கக் கூட்டிப்போகிறார். அடுத்த வருடமும் கூட்டிப்போகிறார். ஆரம்ப ஆண்டுகளில் ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. நாவல் முடிகிற சமயத்தில் அவர்கள் காணாமல்போனவளின் வயதை நெருங்கிவிடுகிறார்கள். இதை மெக்ரெகர் எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. நான்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்ததும் முதுகில் ஏதோ ஊர்ந்ததுபோல் இருந்தது.

இதற்கெல்லாம் நடுவே, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு மறந்ததுபோல, திடீரென்று அவள் வருகிறாள். வருவது அவளைப் பற்றிய விவரம் மட்டும்தான். பெயர் ரெபெக்கா, அல்லது பெக்கி, அல்லது பெக்ஸ். கடைசியாகப் பார்த்தபோது தொப்பி வைத்த வெள்ளை மேல்சட்டையும் கருநீலத்தில் கையில்லாத குளிர்ச்சட்டையும் போட்டிருந்தாள். கறுப்பு ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ. உயரம் ஐந்தடி. தோள்வரைக்கும் நேரான முடி. அத்தியாயம்தோறும் இந்தச் சட்டையும் ஷூவும் திரும்ப வருகின்றன. சில ஆண்டுகள் போனதும், அவளுக்கு இப்போது இத்தனை வயது ஆகியிருக்கும், உயரம் கூடியிருக்கும் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பதின்மூன்று வயதில் போட்ட சட்டை இருபது வயதுப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? ஆனால் ஊருக்கு அவளைப் பற்றி அதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

இந்த வரிகளை எங்கேயோ படித்திருக்கிறேன் என்று முதல் தடவையே தோன்றியது. எங்கே என்று பிடிபடச் சில நாள் ஆயிற்று. நம் செய்தித்தாள்களில் வரும் 'காணவில்லை' அறிவிப்பின் நடை அது. பெயர், தகப்பனார் பெயர், வயது, நிறம், உயரம், அங்க அடையாளம், காணாமல்போன அன்று அணிந்திருந்த உடை. உலகத்திலேயே மிகச் சுருக்கமான வாழ்க்கை வரலாறு இதுவாகத்தான் இருக்கும். அவனுக்கு என்ன பிடிக்கும், ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதெல்லாம் அதில் வராது. சட்டையின் நிறம் வரும். ஆங்கிலத்தில் 'அல்லது' என்று அடுக்குகிற பெயர்களுக்கு நம் அறிவிப்பில் அடைப்புக்குறிக்குள் (எ) என்று போடுவார்கள். ரெபெக்கா (எ) பெக்கி (எ) பெக்ஸ். அம்மா கூப்பிட்டது எந்தப் பெயர், தோழிகள் கூப்பிட்டது எந்தப் பெயர் என்று தெரியாத ஊர், மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொள்கிறது.

எனக்கு இந்த அறிவிப்புகளோடு பழைய உறவு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் முறை நாவலை எடுத்தபோது கதையை விட்டுவிட்டு வாக்கியங்களைப் பார்த்தேன். ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொல்வார்கள். மெக்ரெகர் வேண்டுமென்றே புத்தகம் முழுக்க அதைத்தான் போடுகிறார். தேடுவது, கேட்பது, கனவு காண்பது எல்லாமே யார் செய்தார்கள் என்று சொல்லாமலேயே நடக்கின்றன. ஊரே ஓர் ஆளாகி, அந்த ஆளுக்கு முகம் இல்லாமல் போய்விடுகிறது.

இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு பிற்பகல் முழுக்க நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்கிற எண்ணமெல்லாம் கிடையாது, வெறும் ஆசை. 'அவள் எங்கும் தேடப்பட்டாள்' என்று எழுதினால் உடனே காவல் நிலையச் சுவர் கண்ணில் படுகிறது. தமிழில் 'தேடப்படுகிறவர்' என்றாலே குற்றவாளிதான். 'அவளைப் பற்றிக் கனவுகள் காணப்பட்டன' என்று எழுதினால் அரசாணை வாசிப்பதுபோல் இருக்கிறது. நம் மொழிக்குச் செயப்பாட்டுவினை அப்படியொன்றும் உடம்போடு ஒட்டவில்லை. அடித்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எல்லா இடத்திலும் தேடியாயிற்று."

அதுதான். தேடியாயிற்று. பார்த்தாயிற்று, கேட்டாயிற்று, சொல்லியாயிற்று. யார் தேடினார்கள்? அந்தச் சொல்லில் ஆள் இல்லை. செயல் முடிந்துவிட்டது என்கிற அலுப்பு இருக்கிறது. எங்கள் கடமையைச் செய்துவிட்டோம் என்கிற தற்காப்பும் கூடவே இருக்கிறது. அந்த ஊர் பதின்மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒரு சொல்லைத்தான்.

ஆங்கிலத்துக்கு வாய்க்காத இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. அது வாக்கியத்தின் வாலில் தொங்கும் 'ஆம்'. போனாளாம், பார்த்தார்களாம், சண்டையாம். சொன்னவனுக்குப் பொறுப்பில்லை, கேட்டவனுக்குச் சாட்சியில்லை. நாவலில் அவளுக்கு என்னவாகியிருக்கலாம் என்று ஊர் கற்பனை செய்கிற பகுதிகள் பல வருகின்றன. தப்பி ஓடி நெடுஞ்சாலைக்குப் போய் ஏதோ வண்டியில் ஏறியிருக்கலாம். சேற்றுப் பள்ளத்தில் கால் வழுக்கி நாய்கள் வருவதற்குள் மூழ்கியிருக்கலாம். யாரையோ சந்திக்கப் போயிருக்கலாம். ஒவ்வொன்றும் நம்பும்படி இருக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு 'ஆம்' சேர்த்துப் படித்துப் பாருங்கள், அந்தக் கிராமம் சட்டென்று உங்கள் தெருமுனை டீக்கடைக்கு வந்துவிடும்.

கிராமத்துக்குப் பெயரில்லாவிட்டாலும் அது எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிடக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி. நாவலில் கோடைதோறும் வருகிற கிணற்று அலங்காரம் அங்கே, டெர்பிஷயரில், உள்ள வழக்கம். மரப்பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரக் களிமண்ணைப் பூசி, அதன் மேல் பூவிதழ்களையும் விதைகளையும் பாசியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் படம் வரைந்து, ஊர்க் கிணற்றின் மேல் நிறுத்துவார்கள். பாதிரியார் வந்து தண்ணீரை ஆசீர்வதிப்பார். சில நாளில் இதழ் வாடிவிடும். டிஸ்ஸிங்டன் என்ற ஊரில் இது மிகவும் பெயர்போனது. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் பூவும் காதோலைக் கருகமணியும் விட்டு வளர்ந்தவளுக்கு அந்தப் பக்கங்களைப் படிக்க விளக்கவுரை தேவைப்படவில்லை. நாவலின் முதல் ஆண்டில், ஒரு குழந்தை காணாமல்போன ஊரில் இதை நடத்தலாமா கூடாதா என்று தயங்குகிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தத் தயக்கம் எங்கே போயிற்று என்றே தெரிவதில்லை.

அந்தப் பகுதிக்கென்று சொந்தமாகவே சில துக்கங்கள் இருக்கின்றன. பீக்கின் வடக்கு விளிம்பில் இருப்பது சேடில்வொர்த் மேட்டுநிலம். 1960களில் கொல்லப்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் கீத் பென்னட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1964 ஜூனில் பாட்டி வீட்டுக்குப் போகிற வழியில் காணாமல்போனவன். குற்றவாளிகள் பிடிபட்டார்கள், தண்டிக்கப்பட்டார்கள், விடுதலையாகாமலேயே இறந்தும் போனார்கள். அவனுடைய உடல் மட்டும் கிடைக்கவில்லை. மகனை ஒழுங்காக அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த அவனுடைய தாய் 2012இல் காலமானார். 2022இல்கூட ஏதோ தென்பட்டதாகச் செய்தி வந்து போலீஸ் மறுபடி தோண்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. மெக்ரெகரின் நாவலில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இருக்கவும் தேவையில்லை. அந்த மேட்டுநிலத்தில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்று எழுதினாலே பிரிட்டிஷ் வாசகர் மனத்தில் இதுதான் முதலில் எழும். 'யார் செய்தது' என்று தெரிந்த பிறகும் தேடல் முடியாது என்பது அவர்களுக்குக் கதை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

இன்னொன்று தண்ணீர். நாவலின் பெயரே நீர்த்தேக்கம். ஊரைச் சுற்றிலும் தேக்கங்கள், அவற்றுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. பீக் டிஸ்ட்ரிக்ட்டில் உண்மையாகவே டெர்வென்ட் பள்ளத்தாக்கில் அணைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் கடைசியாக வந்தது லேடிபவர். அதற்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு கிராமங்களை மூழ்கடித்தார்கள். 1945இல் அரசர் ஆறாம் ஜார்ஜ் வந்து திறந்துவைத்தார். கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்களைத் தோண்டியெடுத்துப் பக்கத்து ஊரான பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பொதிகுதிரைகள் போன பழைய கல்பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுபோய் வேறோர் இடத்தில் கட்டினார்கள். தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். அது தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. 1947 டிசம்பரில் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போதும் கடும் வறட்சி வந்தால் சுவர்களும் வாசற்படிகளும் வெளியே வரும். 2022 கோடையில் அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கதையை யாரோ கோட்டு மாட்டி உட்காரவைத்ததுபோல் இருந்தது. என் மாமா வீடு கொளத்தூர் பக்கம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் கோயிலும் தேவாலயமும் பண்ணவாடிக்கு அருகே தண்ணீருக்குள் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் முதலில் தேவாலயக் கோபுரத்தின் தலை தெரியும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே வரும். அவ்வளவு பெரிய நந்தி, கழுத்துவரை வண்டல். பள்ளி விடுமுறையில் பரிசலில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்தப் பக்கத்து மனிதர்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அணை நிலவரம்தான். நீர்மட்டம் 120 அடிக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. தேர்தல் முடிவுகூட அதற்குப் பிறகுதான்.

அங்கேதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். எனக்கு ஒன்பது அல்லது பத்து வயது. பஸ் நிலையத்தில் டீக்கடைத் தூணில் ஒட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை'. கீழே நகலெடுத்து நகலெடுத்துக் கண்களே இரண்டு கரும்புள்ளிகளாகிவிட்ட ஒரு பையனின் படம். என் வயதுதான். கட்டம் போட்ட சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, இடது முழங்காலில் தழும்பு. தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும். விடுமுறை முழுக்க அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று படிப்பேன். எதிரே வருகிற பையன்களின் முழங்காலைப் பார்ப்பேன். சன்மானம் என்றால் எவ்வளவு இருக்கும் என்று மாமா மகனோடு கணக்குப் போடுவேன். அடுத்த வருடம் போனபோது அதன் மேல் சினிமா சுவரொட்டி. ஓரத்தில் 'முழங்காலில் தழும்பு' என்ற வரி மட்டும் தப்பியிருந்தது. அதற்கடுத்த வருடம் நான் தூணைப் பார்த்ததாகவே நினைவில்லை.

அந்தக் காலத்தில் இப்படிப் போகிற பையன்களை யாரும் குற்றக் கணக்கில் சேர்க்கவில்லை. "ஓடிப்போயிருப்பான், பசித்தால் வந்துவிடுவான்" என்பார்கள், காக்கிச் சட்டை போட்டவர்கள் உட்பட. காணாமல்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல்தான் உத்தரவிட்டது. அந்தப் பையனுக்கு அது எந்த வகையிலும் உதவியிருக்க முடியாது.

நாவலை இரண்டாம் முறை மூடிவைத்தது இந்த இடத்தில். ஏழாம் ஆண்டோ எட்டாம் ஆண்டோ நினைவில்லை. நரிக்குட்டிகள் வளைக்கு வெளியே வருகின்றன, தோட்டத்தில் யாரோ உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள், ஒரு விவசாயியின் மகன்களுக்குள் மனஸ்தாபம். நான் அந்த மகன்களைப் பற்றி மும்முரமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வரி, அவள் பெயர் ரெபெக்கா என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது பக்கமாக அவளை நினைக்கவே இல்லை. முதல் அத்தியாயத்தில் ஊர்க்காரர்கள்மீது, 'குழந்தை காணாமல்போயிருக்கிறது, ஆட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களே' என்று பொருமிய அதே ஆள்தான் நான்.

மெக்ரெகரின் தந்திரம் இதில்தான் இருக்கிறது. சாதாரணத் துப்பறியும் நாவலில் ஊர் என்பது ஒரு பெட்டி. பதிலை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள். திறந்ததும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம். இங்கே வாசகர் முதலில் துப்பறிகிறவராகத்தான் உள்ளே வருகிறார். ஒவ்வொருவரையும் சந்தேகிக்கிறார். அப்புறம் அந்த ஊரிலேயே குடியேறிவிடுகிறார். குடியேறியவருக்கு வேறு வேலைகள் வந்துவிடுகின்றன. துப்பு என்று நாம் பொறுக்கி வைத்தவை ஒன்றும் சேர்வதில்லை. போன கோடையில் அவள் இதே ஊருக்கு வந்திருந்தபோது இங்குள்ள பிள்ளைகள் சிலர் அவளோடு பழகியிருக்கிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று தெரியவரும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேறு நாவலாக இருந்தால் அதுதான் திறவுகோல். இங்கே அது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, படிக்கப் போய், வேலைக்குப் போய், எப்போதாவது ஊருக்குத் திரும்பும்போது நெஞ்சில் உறுத்துகிற ஒன்றாக நின்றுவிடுகிறது.

சந்தேகத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக்கூடத்துப் பராமரிப்பு வேலையைப் பார்க்கும் ஜோன்ஸ் என்று ஒருவர் வருகிறார். தனித்த ஆள், சகோதரியோடு வசிப்பவர். கொதிகலன் அறை அவருடைய ராஜ்ஜியம், அதற்குள் யாரும் வரக்கூடாது. இந்த வகை நாவல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே அவரைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். நானும் ஏற்றினேன். சில ஆண்டுகள் கழித்துப் போலீஸ் அவரை உண்மையாகவே கைது செய்கிறது. ஆனால் அது வேறு குற்றம், அருவருப்பான குற்றம்தான். அதை ரெபெக்காவோடு இணைக்க ஆதாரம் எதுவும் வருவதில்லை. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. வாசகரும் போட்டுக்கொள்கிறார். குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டான், இந்தக் குற்றமும் அவன் கணக்கில் போகட்டும் என்கிற அந்த நிம்மதி எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு பயமாக இருந்தது.

எனக்கு உடன்படாத இடங்களும் உண்டு. பறவைகள் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று கூடு கட்டுகிறது, ஏதோ ஒன்று இடம்பெயர்கிறது. முதல் மூன்று ஆண்டு அழகாக இருந்தது, ஆறாம் ஆண்டில் ஆசிரியர் நாட்காட்டியைப் பார்த்துப் பறக்கவிடுகிறாரோ என்று தோன்றியது. பெயர்களும் ஏராளம். கையால் வம்சாவளி எழுதிவைத்துக்கொண்டால்தான் யார் யாருடைய அண்ணன் என்று பிடிபடும். மகளைத் தொலைத்த தாயும் தகப்பனும் நிழலாகவே இருந்துவிடுகிறார்கள் என்பது பெரிய குறை என்று முதலில் நினைத்தேன். தகப்பன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் வந்து அந்தக் குன்றுகளில் தனியாக நடக்கிறார். ஊர்க்காரர்கள் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் போய் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மனத்துக்குள் நாவல் ஒருமுறைகூட நுழைவதில்லை. இப்போது அது குறையாகத் தெரியவில்லை. துக்க வீட்டுக்கு நாமும் திண்ணைவரைதானே போகிறோம்.

இந்த நாவலுக்கு 2017ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்கான கோஸ்டா பரிசு கிடைத்தது, புக்கர் நெடும்பட்டியலிலும் இருந்தது. அதே ஆண்டில் இதே ஊர்க்காரர்களைப் பற்றி பிபிசி வானொலிக்காகப் பதினைந்து கதைகள் எழுதினார் மெக்ரெகர். அதிலாவது விடை இருக்குமோ என்று போய்ப் பார்த்தேன், புத்தி போகவில்லை. அதிலும் இல்லை. அம்மாவிடம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசிவரை கிடைக்கவே இல்லையா? அப்படியென்றால் எதற்கு அவ்வளவு பக்கம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்தப் பெண்ணின் அம்மா என்ன ஆனாள்?" என்றாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன கோடையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தூணில் இருந்த அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாயிற்று, மறந்திருப்பார் என்று நினைத்தேன். மாமா உடனே நிமிர்ந்தார்.

"கட்டம் போட்ட சட்டைதானே கண்ணு? தெரியாமல் என்ன. அவன் தறிப்பட்டறை வேலைக்குப் போய்விட்டானாம். அப்பன் அடி தாங்காமல் பஸ் ஏறினானாம்."

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "அது வேறு பையன். இவன் மீன் பிடிக்கப் போனவன். பரிசல் கவிழ்ந்துவிட்டதாம்."

"கவிழ்ந்திருந்தால் இரண்டாம் நாள் மேலே வந்திருக்க மாட்டானா? அவனுடைய சித்தப்பன் பெங்களூரில் பேக்கரியில் சேர்த்துவிட்டானாம். இப்போது சொந்தக் கடையாம், பிள்ளைகள் இருக்கிறார்களாம்."

"யார் பார்த்தார்கள்?" என்று கேட்டேன்.

மாமா யோசித்தார். மீனாட்சிபுரத்துக்காரன் ஒருவன் என்றார், இல்லை, அவன் செத்துப்போய்விட்டான் என்றார். பையனின் பெயர் என்ன என்றேன். அது வாயில் வரவில்லை. அத்தைக்கும் வரவில்லை. தழும்பு எந்தக் காலில் என்று மட்டும் இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை மடித்து அணை நிலவரத்துக்கு வந்தார். விரலை வரிசையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கோபுரத்தின் தலை தெரிய ஆரம்பித்துவிட்டதாம்" என்றார். "வெயில் தணிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?"